சின்னத்தில் கோபுரம், வாசலில் யார்?

சாதிச் சான்றிதழோ உதவித்தொகை ஆணையோ, கையில் இருக்கும் தாளின் தலைப்பைப் பாருங்கள் தோழர்களே. தமிழ்நாடு அரசின் சின்னம் இருக்கும். ஒரு கோபுரம், அசோகரின் சிங்கமுகம், இருபுறமும் தேசியக்கொடி, ‘வாய்மையே வெல்லும்’ என்ற வாசகம்.

1949இல் இதை வடிவமைத்தவர் ஓவியர் ஆர்.கிருஷ்ணாராவ். இது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்றுதான் பள்ளியில் படித்தோம். மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தை வைத்தே வரைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எந்த ஊர்க் கோபுரம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் கேள்வி வேறு. அந்த வாசலுக்குள் நுழைய யாருக்கு உரிமை இருந்தது?

சின்னம் பிறப்பதற்குப் 10 ஆண்டுகள் முன்புவரை மதுரையில் நமக்கு அந்த உரிமை இல்லை. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒரு சிறு குழு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தது. நுழைந்தவர்களைக் காப்பாற்ற ராஜாஜி அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வரலாற்றில் அழைத்துச் சென்றவரின் பெயர் நிற்கிறது; சென்றவர்கள் ‘உள்ளிட்டோர்’ ஆகிவிட்டார்கள். அவர்களின் பெயரையும் சொல்லிப் பழகுவோம்: கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து. ஒடுக்கப்பட்ட நாடார் சமூகத்திலிருந்து விருதுநகர் சண்முக நாடாரும் உடன் சென்றார்.

மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பின்னாளில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். வாசலில் மறிக்கப்பட்ட சமூகத்தின் மகன், அதே கோபுரச் சின்னத்தின் கீழ் கையெழுத்திட்டார்.

கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. 1996இல் மேலூர் வட்டத்தின் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தேர்தலையே முறையாக நடக்கவிடவில்லை. கோயில் வாசலில் நின்ற அதே சாதி, ஊராட்சி அலுவலக வாசலில் வந்து நின்றது. தலைவரின் நாற்காலியும் முத்திரையும் நம் கைக்கு வரக்கூடாது என்பதற்காகவே அத்தனை ரத்தம்.

சின்னத்திலிருந்து கோபுரத்தை எடுக்கலாமா, வைக்கலாமா என்று விவாதிப்போம், தவறில்லை. அதற்கு முன் உங்கள் ஊராட்சியில் அந்த முத்திரை உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தலித் தலைவரின் பெயரில் வேறொருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தால், அதில் எழுதியிருக்கும் வாய்மை இன்னும் வெல்லவில்லை.