ஈமப்பணியும் உரிமமும்: பலமனேர்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் அரசு, இறந்தோரை அடக்கும் தொழிலை எவ்வாறு நோக்கியது என்னும் வினா தமிழ்ச் சமூக வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. மேலைநாடுகளில் ஈமச்சடங்கு மேலாளர் உரிமம் பெற்ற தொழிலராகக் கருதப்படுகிறார். அமெரிக்காவில் பிணம் பதப்படுத்துவோர்க்கு உரிமம் வழங்கும் முறையை வர்ஜீனியா மாநிலம் 1894இல் முதலில் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டமோ வேறொரு திசையில் சென்றது. இவ்வேறுபாட்டின் பின்புலத்தைப் பலமனேர்ப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பலமனேர் 1911 ஏப்ரல் வரை வடஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர்ப் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்திலும் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுள் சேர்ந்தது. 1960இல் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தத்தால் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மீண்டது. பலமனேர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே, சென்னை மாகாணச் சட்ட மரபும் ஆந்திரச் சட்ட மரபும் அடுத்தடுத்து ஆண்ட நிலப்பகுதி இது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் எல்லைப்புறம் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இலக்கியமும் கல்வெட்டும் காட்டும் நிலை

ஈமப்பணி செய்வோரைத் தாழ்ந்தோராகச் சுட்டும் வழக்கு தொன்மையானது. புறநானூற்றின் 360, 363ஆம் பாடல்கள் இரண்டும் சுடுகாட்டில் இறந்தோர்க்குப் பலியுணவு படைக்கும் காட்சியைக் கூறுவன. இரண்டிலும் அச்செயலை நடத்துபவன் பிறப்பால் இழிந்தவனாகவே குறிக்கப்படுகிறான். அவன் ஏவ, மன்னனும் அவ்வுணவை ஏற்கவேண்டிய நிலை வருகிறது என்பதே அப்பாடல்கள் உணர்த்தும் நிலையாமை. பணியின் இன்றியமையாமையும் பணியாளனின் இழிநிலையும் ஒருங்கே பதிவாகியிருத்தல் காண்க. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், இடுதல், குழியில் புதைத்தல், தாழியால் கவித்தல் முதலிய பல முறைகளைக் கூறுகிறது.

தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் சுடுகாடு இடம்பெறுகிறது. பறையர்க்குரிய சுடுகாடு தனியே சுட்டப்பெறுதலும் உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறந்தோர்க்கான நிலம் அரசின் கணக்கில் ஏறியிருந்தது. சாதிப் பிரிவும் அதனோடு சேர்ந்தே ஏறியிருந்தது.

‘வெட்டி’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் அது ஊதியமில்லா உழைப்புக் கடமையைக் குறிக்கும். தெலுங்கிலும் ‘வெட்டி’ கட்டாய உழைப்பையே சுட்டும். வெட்டியான் என்னும் பெயர் குழி வெட்டுதலால் வந்தது என்பது பொதுமக்கள் கருத்தாயினும், கூலியில்லா உழைப்போடு அதற்குள்ள உறவு புறக்கணிக்கத்தக்கதன்று.

அரிச்சந்திரன்: காவலும் கட்டணமும்

வீரகவிராயர் இயற்றிய அரிச்சந்திர புராணத்தில் மயான காண்டம் ஒரு தனிக் காண்டம். தெருக்கூத்திலும் இப்பகுதியே மிகுந்த செல்வாக்குடையது. மன்னனாயிருந்தவன் சுடலை காக்கிறான். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் பெறாமல் தன் மகனின் உடலையும் எரிக்க அவன் இசைவதில்லை. வடதமிழகத்தின் பல சுடுகாடுகளின் வாயிலில் அரிச்சந்திரன் கல்லோ கோயிலோ இருத்தலும், பாடை அங்கு இறக்கப்பட்டு, வெட்டியானின் இசைவு பெற்றபின் உள்ளே செல்லுதலும் இக்கதையின் வழிவந்த நடைமுறையாகும்.

தெலுங்கு வழக்கில் இக்காவலனுக்குக் ‘காட்டிகாபரி’ என்று பெயர். பலிஜேபள்ளி லட்சுமிகாந்தத்தின் அரிச்சந்திர நாடகத்தின் சுடுகாட்டுக் காட்சியில், தலித் கவிஞராகிய குர்ரம் ஜாஷுவாவின் சுடுகாட்டுப் பாடல்கள் நடிகர்களால் சேர்த்துப் பாடப்பட்டு நிலைபெற்றன. இருமொழி மரபிலும் சுடலைக்காவல் என்பது கட்டணம் வரையறுக்கப்பட்ட, இசைவு வழங்கும் அதிகாரமுள்ள ஒரு பதவியாகவே கற்பனை செய்யப்பட்டுள்ளது. கதையில் மன்னன் அப்பதவியிலிருந்து மீள்கிறான். நடப்பில் அப்பணிக்குப் பிறந்தவனுக்கு மீட்சி இல்லை. இதுவே கதைக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளி.

சட்டத்தின் தலையீடு

1895ஆம் ஆண்டுச் சென்னை மரபுவழிக் கிராமப் பதவிகள் சட்டம், கிராம முன்சீப், கர்ணம் முதலியோரோடு வெட்டி, தோட்டி, தலையாரி ஆகிய பணிகளையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. சட்டம் நோக்கியது வருவாய்த்துறைக்குரிய ஊர்ப்பணிகளையே. ஈமப்பணியை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும், ஊரின் வெட்டிப்பணியும் சுடலைப்பணியும் ஒரே குடும்பங்களின் மேல் விழுந்த ஊர்களில், பிறப்புவழி உரிமை என்னும் கொள்கைக்கு அரசின் முத்திரை கிடைத்தது. வர்ஜீனியா தகுதி கண்டு உரிமம் வழங்கியது. சென்னை வழிமுறை கண்டு பதவி வழங்கியது.

நகர்ப்புறத்தில் நிலை வேறு. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இடுகாடு, சுடுகாடுகளைப் பதிவு செய்யவும் புதியவற்றுக்கு உரிமம் பெறவும் விதித்தன. குழி தோண்டுவோரும் பொது மயானப் பணியாளரும் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் பிரிவும் அவற்றில் இருந்தது. இந்நாட்டில் ஈமத் தொழிலர் உரிமத்திற்கு நெருங்கிய சட்டச் சான்று இதுவே. ஆயின் அதன் அக்கறை பொதுச் சுகாதாரம். பயிற்சி, ஊதியம், பாதுகாப்பு ஆகியன பற்றி உரிமம் பேசவில்லை.

மரபுவழிக் கொள்கையை முறித்த தீர்ப்பு ஆந்திரத்திலிருந்தே எழுந்தது. கஜுல தசரத ராமராவ் வழக்கில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1)ஆம் பிரிவு பிறப்புவழியை மட்டும் கருதிப் பதவி வழங்குவதால், அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புக்கு முரணானது என்று கூறியது. வழக்குக் கிராம முன்சீப் பதவி பற்றியது. பின்னர்த் தமிழகத்தில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. உயர்பதவியின் மரபுரிமை சட்டத்தால் அகன்றது. சுடலைப்பணியின் மரபுச்சுமையை அகற்ற எந்த வழக்கும் தேவைப்படவில்லை என்பது போல அது வழக்கத்தில் நீடித்தது.

பெயரில்லாச் சாட்சி

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, இறந்தோரை அடக்கும் இடத்தின் காப்பாளரும், உள்ளாட்சியால் அங்கு இருக்கப் பணிக்கப்பட்டவரும் இறப்பைப் பதிவாளர்க்கு அறிவிக்கக் கடமைப்பட்டோர் என்கிறது. அதன்படி சுடலைக்காவலர் அரசுப் புள்ளியியலின் ஒரு மூலம். கடமை தவறின் தண்டத்திற்கும் உரியவர். கடமையில் அவர் தொழிலர். ஊதியத்தில் மரபுப் பணியாளர். இம்முரண்பாடே இக்கட்டுரையின் மையச் சிக்கல்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிணம் சுமக்கவோ குழி தோண்டவோ செய்தலைக் குற்றமாக்கியது. யார் செய்யலாம் என்று விதித்த 1920ஆம் ஆண்டின் மொழி, யாரைச் செய்விக்கலாகாது என்று விலக்கும் மொழியாக மாறியிருக்கிறது. விலக்கு இன்றியமையாதது. எனினும், விரும்பி அப்பணியை ஏற்போர்க்கு எத்தகைய நிலை உண்டு என்பதை அது கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமுமன்று.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன: ஈமப்பணியாளரின் இழிநிலை சங்கப் பாடல்களிலேயே பதிவாகியுள்ளது. அரிச்சந்திரன் கதை அப்பணிக்குக் கட்டணமும் அதிகாரமும் உண்டு என்னும் நினைவைக் காத்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்புவழியை உறுதிசெய்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் மேற்பார்வையை மட்டும் தந்தது. 1960ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் பிறப்பின் பிடியைத் தளர்த்தின. தகுதி, பயிற்சி, ஊதியம் ஆகியவற்றோடு கூடிய தொழில் உரிமம் என்பது இவ்வரிசையில் இன்னும் நிரப்பப்படாத இடம்.

பலமனேர் இன்று நகராட்சி. சூழ்ந்த ஊர்கள் ஊராட்சிகள். நகரில் சுடலைக்காவலர் ஊழியராகவும் ஊரில் குடிமகனின் கடனாளியாகவும் நிற்பாராயின், சில கல் தொலைவில் இரு நூற்றாண்டுகள் நிற்கின்றன என்பதே பொருள். எல்லைப்புற ஊர்களின் சுடலைப் பாடல்களையும் காவலர் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றையும் இருமொழியிலும் தொகுத்தல், இத்துறையில் அடுத்து மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.