நோயின் கணக்கும் ஆளின் கணக்கும்

நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் பிஎஸ்ஏ சோதனை கிடையாது. புராஸ்டேட் புற்றுநோய் என்றால் ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதியைத்தான் பார்ப்போம். அது படுத்தி எடுக்கும். சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள இதே வகை நொதி கலந்து அளவு ஏறிவிடும். சீரத்தைப் பிரித்து உடனே அமிலம் சேர்க்காமல் விட்டால் இறங்கிவிடும்.

ஆனாலும், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை நிலைபெற்றதே இந்தச் சோதனையால்தான். எலும்புக்குப் பரவிய நோயாளிகளின் ரத்தத்தில் இந்த நொதி மிகுவதை 1938-இல் நியூயார்க்கில் குட்மன் தம்பதியர் காட்டினார்கள். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் அப்போது நாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். விரையை நீக்கினால் புராஸ்டேட் சுருங்குகிறது. ஆண் ஹார்மோன் கொடுத்தால் மறுபடி வளர்கிறது. மனிதரிலும் அப்படித்தானா? 1941-இல் அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் முற்றிய நோயாளிகளுக்கு விரையை நீக்கியோ ஈஸ்ட்ரஜன் கொடுத்தோ பார்த்தார்கள். நொதி இறங்கியது, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறியது. எலும்பு வலியில் கிடந்தவர்கள் பலர் எழுந்து நடமாடினார்கள். 1966-இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜன் மாத்திரை பெருவழக்கானது. விரையை நீக்க வேண்டாம், மாத்திரை போதும் என்றால் யார்தான் மறுப்பார்கள்? 1960-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடத் தொடங்கின. தினம் 5 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. இதய, ரத்தக்குழாய்ச் சாவு கூடியது. அடுத்த ஆய்வில் 1 மில்லிகிராமே நோயை அதே அளவு அடக்கியது. இருபது ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் நொதியைப் பார்த்தோம், நெஞ்சைப் பார்க்கவில்லை. நோய் அடங்குவது வேறு, ஆள் பிழைப்பது வேறு என்பதை அந்த ஆய்வுதான் கற்றுத்தந்தது.

பின்னால் வந்த அபிராடெரோனை அந்தப் பாடத்தின்படியே சோதித்தார்கள். விரையைத் தாண்டி அட்ரீனல் சுரப்பியிலும் கட்டியிலுமே ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்து அது. கீமோதெரபிக்குப் பிறகும் நோய் முற்றிய 1,195 பேரிடம், பிஎஸ்ஏ இறங்கியதோடு நிறுத்தாமல், ஆயுளையும் கணக்கிட்டார்கள். பிரெட்னிசோனோடு இதையும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 14.8 மாதம்; பிரெட்னிசோன் மட்டும் எடுத்தவர்களுக்கு 10.9 மாதம். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.