வீட்டில் வழங்கிய பெயர்

நாமகரண தினத்தன்று தாம்பாளத்து அரிசியில் எழுதிக் குழந்தையின் காதில் மும்முறை ஓதப்படும் பெயர் ஒன்று. தூளியை ஆட்டும்போது பாட்டியின் வாயில் பிறந்து, நாளடைவில் தெருவெல்லாம் பரவிவிடும் பெயர் வேறொன்று. முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு இடுவது சம்பிரதாயம். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கலாகாது என்பதும் சம்பிரதாயம். இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நம் குடும்பங்களில், செல்லப்பெயர் விளையாட்டாக மட்டுமன்றி அன்றாட அவசியமாகவும் இருந்தது.

உத்தமதானபுரத்துக் குடும்பம் ஒன்றில் 1855ஆம் ஆண்டு பிறந்த குழந்தைக்குக் குல வழக்கப்படி வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். ஆயினும் சுவாமிமலை முருகனை நினைந்து சாமிநாதன் என்றே வீட்டார் அழைத்துவர, அதுவும் கொஞ்சுமொழியில் தேய்ந்து சாமா ஆயிற்று. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்கச் சேர்ந்தபின், வீட்டில் வேறு பெயர் வழங்குவதுண்டா என்று வினவிய பிள்ளையவர்கள், சாமா என்பதன் முழுவடிவை அறிந்ததும், இனி அப்பெயரே வழங்கட்டும் என்று தீர்மானித்துவிட்டார். 1887இல் சீவகசிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அச்சேறியபோது பதிப்பாசிரியர் பெயராக நின்றது அந்த வீட்டுப் பெயரே. பெரும்புலவர் ஒருவர் தம் மாணாக்கனை அவன் தாய் அழைக்கும் பெயரால் அழைக்கத் தலைப்பட்டதை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. குருகுல வாசத்தில் ஆசிரியனே தந்தை என்னும் கொள்கை ஏட்டளவில் நில்லாமல் அங்கே நடைமுறையாயிற்று.

திருவாரூரில் 1762இல் பிறந்த வேங்கடசுப்பிரமணியரைப் பெற்றோர் சியாமகிருஷ்ணன் என்று கொஞ்சினர். தஞ்சையில் பங்காரு காமாட்சியின் அர்ச்சகராக வாழ்ந்து கீர்த்தனங்கள் இயற்றிய காலத்தும், அவர் தம் முத்திரையாகக் கொண்டது அந்தச் செல்லப்பெயரையே. உலகமும் அவரைச் சியாமா சாஸ்திரி என்றே போற்றியது. அம்பிகையைத் தாயாகப் பாவித்து உருகும் மகன், தன்னைப் பெற்றவள் வாத்ஸல்யத்தோடு இட்ட பெயரைச் சொல்லித் தன்னை அம்பிகைக்கு உணர்த்துவதினும் பொருத்தம் வேறு உண்டோ! விருதுநகரில் 1903இல் பிறந்த காமாட்சி என்னும் பிள்ளையும், அன்னை சிவகாமி அம்மையார் ராஜா என்றே அழைத்துவந்தமையால் அன்றோ காமராஜர் ஆனார்?

செல்லப்பெயர் இனிமையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பிறந்த மகவெல்லாம் தவறிப்போன வீட்டில், அடுத்து வந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், தவிட்டுக்கு விற்று மீட்டும், குப்பன், பிச்சை என்று பெயரிட்டார்கள். கேட்பவர்க்கு இகழ்ச்சியாகத் தோன்றினும், யமன் கண்ணில் படாமல் மறைக்க ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போர்த்திய கந்தல் அது. ஆதலின் அதைப் பொருந்தாப் பெயர் என்று சொல்ல என் மனம் இசையாது. ஆனால் பெண்மக்களே தொடர்ந்து பிறந்த வீடுகளில், இனி ஆண் பிறக்கவேண்டும் என்னும் வேட்கையால் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்ட வழக்கத்துக்கு நான் எந்தச் சமாதானமும் காணேன். அது வீட்டளவில் நின்றிருந்தாலாவது மறந்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஏறி, வாத்தியார் நாள்தோறும் வகுப்பறியக் கூப்பிட, அந்தச் சிறுமி எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்று அதற்கு விடை சொல்லவேண்டியிருந்தது.