கூரையிலிருந்து தொடங்குவோம்: கோடையில் வீட்டைக் குறைந்த செலவில் குளிர்விக்கும் முறைகள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கோடையில் வீட்டைக் குளிர்விப்பது என்றாலே எந்தக் கருவியை வாங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெப்பம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது, அதை எங்கே மறித்தால் செலவு குறையும்? இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தமிழ்நாட்டில் பரவலாகக் காணும் வீடு: நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம், மேலே மொட்டைமாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தகரக் கூரை போட்ட வீடுகளைக் கடைசிப் பிரிவில் தனியே பார்க்கலாம்.

கூரை, காற்று, நீர், ஏசி என்ற வரிசையில் பணத்தைச் செலவிடுவதே சிக்கனம் என்பது என் முடிவு. வரிசை மாறினால், பின்னால் வாங்கும் கருவி தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். மின்கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

2. வெப்பம் வரும் வழி

ஏப்ரல் 10 வாக்கில் குமரிமுனையிலும் ஏப்ரல் 25 வாக்கில் சென்னையிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நேரத்தில் சுவர்களுக்கு வெயில் அதிகம் கிடைப்பதில்லை. கூரைதான் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் என்று கொண்டால், பத்துக்குப் பத்து அறையின் தலைக்கு மேல் மட்டும் சுமார் 9 கிலோவாட் விழுகிறது. சாம்பல் நிறச் சிமெண்டுத் தளம் இதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சும். பெரும்பகுதி காற்றோடும் கதிர்வீச்சோடும் திரும்பிப் போனாலும், மிச்சம் தளத்துக்குள் இறங்குகிறது.

இறங்கிய வெப்பம் கீழ்ப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரமாகும். வெளியே வெயில் தாழ்ந்த பிறகு வீட்டுக்குள் புழுக்கம் கூடுவது இதனால்தான். இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளங்கையை விட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். வெளிக்காற்று ஆறியிருக்கும், விட்டம் சுடும். அந்தச் சூட்டில் கிடக்கும் காற்றைத்தான் மின்விசிறி இரவெல்லாம் கீழே தள்ளுகிறது.

கிழக்கு, மேற்குச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். மே முதல் ஜூலை வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சன்னலிலும் வெயில் தட்டும். தெற்குச் சன்னலை மட்டும் மறைத்தால் போதும் என்ற வடநாட்டு யோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

3. கூரை

3.1 வெள்ளையடித்தல்

புதிதாக வெள்ளையடித்த தளம் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாக, இதே செலவில் வேறொன்று கிடைக்காது. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ மாடியைக் கூட்டிக் கழுவி, பாசியைத் தேய்த்தெடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, பிடிமானத்துக்குப் பசை சேர்த்து இரண்டு கை அடித்தால் போதும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். நாமே அடித்தால் ஒரு சிறிய வீட்டுக்குச் சில நூறு ரூபாயில் வேலை முடியும்.

குறைகளும் உண்டு. கோடைமழையில் கொஞ்சம் கரையும், தூசி படிந்தால் வெண்மை மங்கும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சு என்று கடைகளில் விற்கும் பெயிண்ட் சில ஆண்டுகள் நிற்கும். விலை பல மடங்கு. சொந்த வீடாக இருந்து மறுபடி மறுபடி மாடியேற முடியாதவர்களுக்கு அது தகும். மற்றவர்களுக்குச் சுண்ணாம்பே போதும் என்பேன்.

இது வீட்டுக்கு வீடு செய்து பார்க்கும் கைவைத்தியம் மட்டுமல்ல. 2013இல் அகமதாபாத் நகரம் தொடங்கிய வெப்பச் செயல்திட்டம் பின்னாளில் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

3.2 தட்டோடும் பந்தலும்

தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சாய்வாகப் போட்டு, தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். மழைநீர் இறங்காமல் காப்பதற்கென்று போட்டாலும், கான்கிரீட்டைவிட வெப்பம் மெதுவாகக் கடத்தும் அடுக்கு ஒன்று அதனால் கிடைக்கிறது. இப்போது செலவை நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். புது வீடு கட்டுவோர் வேறெதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

பந்தல் இன்னொரு வழி. தென்னங்கீற்றோ பச்சை வலையோ, தளத்திலிருந்து நாலைந்து அடி உயரத்தில் கட்டி, நடுவே காற்று ஓடவிட்டால் தளம் நிழலிலேயே இருக்கும். கீற்றில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நெருக்கமான தெருக்களில் வலைதான் நல்லது. மாலையில் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் பலன் தரும், ஆனால் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

4. காற்று

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற்றி உடலைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண். காற்றே 40 டிகிரியைத் தாண்டிய நிலையில் விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வேலூர், திருத்தணி போன்ற ஊர்களின் மே மாத நண்பகலில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் விசிறியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

பழைய விசிறி 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். மூன்று விசிறியை மாற்றினால் ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். இந்த மிச்சம் எவ்வளவு பெரிது என்பது ஆறாம் பிரிவில் தெரியும்.

சன்னலைப் பொறுத்தவரை, உள்ளே தொங்கும் திரைச்சீலையைவிட வெளியே கட்டும் மூங்கில் தட்டி மேல். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத் திரை தடுத்துப் பயனில்லை. பகலில் சாத்தி, வெளிக்காற்று ஆறிய பிறகு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பது தருமபுரி, கோவைப் பக்கம் நன்றாகப் பலிக்கும். சென்னையில் மே மாத இரவே 28 டிகிரிக்குக் கீழ் இறங்கத் தயங்கும். அங்கே நம்பத்தக்கது பிற்பகலில் வரும் கடற்காற்று. கிழக்கு, தென்கிழக்குச் சன்னல்களை அலமாரி வைத்து அடைத்துவிடாமல் இருந்தால் அது உள்ளே வரும்.

5. நீர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஏர்கூலரின் வலிமை இதில்தான் இருக்கிறது. அதன் எல்லையும் இதில்தான். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகாது.

இரண்டு நிலைகளை ஒப்பிடுவோம். திருச்சியில் ஒரு பிற்பகல், வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு. நல்ல கூலர் அந்தக் காற்றை 28 டிகிரி அளவுக்குக் கொண்டுவரும். சென்னையில் ஒரு மாலை, 34 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு. அதே கூலர் 30, 31 டிகிரிக்குத்தான் இறக்கும். கூடவே அறையின் ஈரத்தைக் கூட்டி வியர்வை காயாமல் செய்துவிடும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். சாதாரண வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரப்பஞ்சைச் சுற்றி, இரண்டையும் மேசை விசிறிக்கு முன் பத்து நிமிடம் வைக்க வேண்டும். இரண்டும் காட்டும் அளவுகளுக்கிடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூலர் உங்கள் ஊருக்கு ஏற்றது. 5 டிகிரிக்குக் கீழே என்றால் வாங்க வேண்டாம். எந்த நேரத்தில் அதிகம் தேவைப்படுமோ அந்த நேரத்தில் சோதிப்பது நல்லது.

வாங்கியவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். ஏசி போல நினைத்துக் கதவு, சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். கூலருக்கு ஒரு பக்கம் வெளிக்காற்று வர வேண்டும், எதிர்ப்பக்கம் ஈரக்காற்று வெளியேற வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவாவிட்டால் அது கொசுவுக்கு வீடாகிவிடும்.

6. ஏசி

ஈரம் மிகுந்த கடலோரத்தில், இதயநோயாளிகளும் மூத்தவர்களும் உள்ள வீட்டில் ஏசியை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். கேள்வி அளவைப் பற்றியது. ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். சுடும் தளத்துக்குக் கீழே ஒன்றரை டன் கேட்கும் அறை, வெள்ளையடித்து நிழல் கட்டிய பிறகு பெரும்பாலும் ஒரு டன்னில் அடங்கும். ஓர் அறைக்கு மட்டும் வாங்கி, எல்லோரும் அங்கே படுப்பது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட், இரண்டு மாதத்தில் 300 யூனிட். நம் மாநிலக் கட்டண முறை இங்கே கவனிக்கத்தக்கது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் அப்போது ரூ.1,725 ஆனது. பத்து யூனிட் கூடி 510 ஆனால் ரூ.2,030 ஆனது. 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் இருந்த சலுகை ஒன்றும் போய்விட்டதால் அந்தத் தாவல். ஏசி இல்லாமலே 250 யூனிட் ஆகும் வீடு ஏசி போட்டதும் அந்த 500 யூனிட் கோட்டைத் தாண்டும். மூன்று விசிறியை மாற்றிய 130 யூனிட் மிச்சம் அதைக் கோட்டுக்குள் இழுத்து நிறுத்தும்.

2020 ஜனவரி முதல் புதிய அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்திச் சிக்கன அமைப்பின் கணக்கு. 27இல் வைத்து விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் போர்வை இல்லாமலே தூங்கலாம். நட்சத்திர லேபிளில் அச்சிட்டுள்ள ஆண்டு மின்செலவு 1,600 மணி நேரத்துக்கானது. அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள் அதற்கேற்பக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

7. கூரை கைவசம் இல்லாதவர்கள்

வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி சொந்தமில்லை. ஆனாலும் சுண்ணாம்பு வீட்டுக்காரருக்கு எந்த இழப்பும் தராத வேலை. வெயிலில் விரிசல் விடுவதையும் குறைக்கும். செலவில் பாதியை ஏற்பதாகச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால் வெளித்தட்டியும் பி.எல்.டி.சி. விசிறியும் வீடு மாறும்போது கூடவே வரக்கூடியவை.

தகரக் கூரையின் கதை வேறு. அது தாமதமின்றிச் சுடும், பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறும். அங்கே தொல்லை நண்பகலில்தான். வீட்டோடு இருக்கும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதை முழுவதும் தாங்குகிறார்கள். வெள்ளைப் பூச்சு அன்றைக்கே பலன் தருவது இந்தக் கூரைகளில்தான். உள்ளே மூங்கில் பாயால் ஒரு தடுப்பு கட்டினால் இன்னும் தணியும். தெர்மாகோல் தீயை வேகமாகப் பரப்பும், வேண்டாம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அந்த ஓர் உயிருக்கான தொகையில் எத்தனை தகரக் கூரைகளுக்குச் சுண்ணாம்பும் கூலியும் கொடுக்கலாம் என்பதை ஒவ்வோர் உள்ளாட்சியும் பிப்ரவரியிலேயே கணக்கிட்டு, மார்ச் முடிவதற்குள் அடித்து முடிக்க வேண்டும்.