கந்தக மண் – 14: அணிலும் காக்காவும்

குச்சி தீர்ந்ததும் தீப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தைச் சிலர் உரித்துப் பத்திரப்படுத்தினார்கள். சிவகாசியின் நூறாண்டுக் கதையை இன்று கண்ணால் பார்க்க முடிவது அவர்களால்தான்.

கல்கத்தாவில் பூர்ண சந்திர ராயிடம் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1926-இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தப் பிரிந்தார்கள். தன் தீப்பெட்டிக்குச் சின்னமாக அய்ய நாடார் அணிலை எடுத்துக்கொண்டார். சண்முக நாடார் காக்காவை எடுத்துக்கொண்டார். பிற்பாடு அவர் பெயரே ‘காக்கா சண்முக நாடார்’ ஆனது.

பறவையும் விலங்கும் பெட்டிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் ‘அணில் பெட்டி குடுங்க’ என்று கேட்டு வாங்கலாம். தமிழே தெரியாத வடநாட்டுச் சந்தையிலும் படம் தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். அதற்கு முன்பே சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் வண்ணப் படங்களோடு நம் கடைகளில் இறங்கியிருந்தன. அவற்றோடு போட்டியிட வேண்டுமானால் பெட்டியும் பளிச்சென்று இருக்க வேண்டும். லேபிளுக்கு வெளியூரை நம்பியிருந்தவர்கள் உள்ளூரிலேயே லித்தோ அச்சகம் வைத்தார்கள். பட்டாசுச் சுற்றுத்தாள், காலண்டர், நாட்குறிப்பு என்று சிவகாசி அச்சுத்தொழில் வளர்ந்தது இந்தக் கையகலத் தாளிலிருந்துதான்.

பழைய லேபிளின் வயதைக் கணிப்பது சேகரிப்பவரின் முதல் கலை. முகவரியில் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் 1985-க்கு முந்தையது. விருதுநகர் தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான். விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தையதாக இருக்கும். ‘நயா பைசா’ என்றிருந்தால் அதற்கு அடுத்த சில ஆண்டுகள். தீப்பெட்டி மீது உற்பத்தி வரி வந்தது 1934-இல்; வரி பற்றிய குறிப்பு இருந்தால் அது அதற்குப் பிந்தையது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சு முறையும் தெரியும்: கல் அச்சில் நிறம் ஒழுங்கற்ற மணல்மணியாகப் படிந்திருக்கும், ஆப்செட்டில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும்.

படத்தின் அழகில் மயங்கி ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த லேபிள்களை ஒட்டிய கைகளில் சிறுவர் சிறுமியரின் கைகள் ஏராளம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பசைக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்த பிள்ளைகள் அவர்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நம் வீட்டுத் தொகுப்பில் இருக்கும் அணில் படமும் அந்தக் காலத்துக்குச் சாட்சிதான்.

டெல்லியில் பிரியா பால் தொகுத்த பழைய அச்சுப்படங்களை ‘தஸ்வீர் கர்’ அமைப்பு மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. லேபிள்களை அச்சடித்த சிவகாசிக்கு அப்படியொரு பொதுக் காப்பகம் வேண்டாமா? பழைய அச்சகங்களில் ஒட்டப்படாத லேபிள் தாள்கள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். எந்த அச்சகம், எந்தக் கம்பெனிக்காக, யார் வரைந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, தனித்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. படம் எந்த ஊரிலும் கிடைக்கலாம். அதன் பிறப்பைச் சொல்ல இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அடுத்த வாரம்: ஆடிப்பெருக்கன்று வெளியாகும் காலண்டர் ஆல்பங்கள்.

(தொடரும்)