அடல் டிங்கரிங் ஆய்வகம்
பள்ளி மாணவர்கள் முப்பரிமாண அச்சு, மின்னணுவியல் முதலியவற்றைக் கையால் செய்து பழக, நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016 முதல் அமைத்துவரும் பட்டறை. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை; பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம். முன்னோடி, மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் தொடங்கிய ஃபேப் லேப் என்னும் பட்டறை.

சிவகாசி வட்டாரத்தில் அச்சு என்றால் காலண்டர்தான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தின் முப்பரிமாண அச்சுப்பொறியோ முறுக்கு பிழிவதுபோல: 1.75 மி.மீ. பிளாஸ்டிக் இழை சுமார் 200 டிகிரி செல்சியஸில் இளகி, 0.4 மி.மீ. துளை வழியே அடுக்கடுக்காக இறங்கும். முதல் அடுக்கு தட்டில் ஒட்டாவிட்டால் மிஞ்சுவது நூல்சிக்கல். புதியவர்கள் சாவி வளையத்தில் தொடங்கலாம். அச்சங்குளம் போன்ற பட்டாசு ஊர்களில் இதன் இடம் பள்ளிதான். பட்டாசு வெடிமருந்து அறைப் பக்கம் இந்தச் சூடு போகவே கூடாது.