ரெசாங் லாவில் காலாட்படை

தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நான்காக வகுத்த நம் முன்னோர், காலாளைக் கடைசியில் வைத்து எண்ணினர். மலைப்போரிலோ இவ்வரிசை தலைகீழாகி விடுகிறது. 1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லடாக்கிலுள்ள சுஷூல் சமவெளிக்கு ஆறு டாங்குகளை விமானத்தில் ஏற்றிக் கொணர்ந்து இறக்கினார்கள். அந்நாளில் அது அரிய செயல்தான். ஆயினும் சமவெளிக்குத் தென்கிழக்கே நிமிர்ந்து நிற்கும் ரெசாங் லா கணவாயின் முகடுகளுக்கு டாங்குகள் ஏற வழியில்லை. அங்கே செல்லத்தக்கவை மனிதனின் இரண்டு கால்கள் மட்டுமே.

சுஷூலில் ஒரு விமானத்தளம் இருந்தது. அதைக் காக்கும்பொருட்டே, குமாவோன் ரெஜிமெண்டின் 13ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த 'சி' கம்பெனி ரெசாங் லாவில் நிறுத்தப்பட்டது. மேஜர் ஷைத்தான் சிங்கின் தலைமையில் சுமார் 120 பேர். ஷைத்தான் சிங் ராஜஸ்தானத்து ஜோத்பூர்ப் பகுதியினர். அவருடைய வீரர்களோ பெரும்பாலும் இன்றைய ஹரியானாவிலுள்ள ரேவாரி, மகேந்திரகட் முதலிய பகுதிகளின் அகீர் குடும்பங்களில் பிறந்தவர்கள். கோதுமை வயலையும் கோடை வெயிலையும் அறிந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள். பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம் அவர்களுக்கு எத்தகையது என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவ்வுயரத்தில் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். குடிநீர் பனிக்கட்டியாகும். கல்லென இறுகிய நிலத்தில் ஒரு பதுங்குகுழி வெட்டுவது பல நாள் வேலை. அந்தக் குளிருக்கு ஏற்ற ஆடையும் போதவில்லை. கையிலிருந்த .303 துப்பாக்கியோ, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் அதன் தாழைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய வகை. விறைத்த விரல்களால் இதைச் செய்வதே ஒரு போர் எனலாம். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. நம் பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் இடையே ஒரு முகடு குறுக்கிட்டது. ஆகவே போர் மூண்டால் பீரங்கியின் துணை கிட்டாது. தெரிந்தேதான் அவர்கள் அங்கே நின்றார்கள்.

நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் சீனப் படையினர் ஓடைப் பள்ளங்கள் வழியே ஏறி வந்தனர். முன்புறமாக வந்த தாக்குதல்களைக் கம்பெனி முறியடித்தது. பின்னர்ப் பின்புறமாகவும் வளைத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பதுங்கிடமாக ஓடி வீரர்களை ஊக்கிவந்த மேஜர், குண்டுபட்டு வீழ்ந்தார். தம்மைச் சுமந்து செல்ல முயன்றவர்களிடம், தம்மை விட்டுவிட்டுப் போகுமாறு கட்டளையிட்டார். ஒரு பாறையின் நிழலில் அவரைச் சாய்த்து வைத்தார்கள். அங்கேயே அவர் உயிர் நீத்தார். அன்று மாண்டவர் 114 பேர்.

எதிரிகள் எத்தனை ஆயிரம் என்றே பலரும் முதலில் கேட்கின்றனர். அதைவிட, அடுத்த மூன்று மாதங்களில் நிகழ்ந்ததே என் நெஞ்சைத் தொடுகிறது. உயிர் தப்பிக் கீழே வந்த சிலர் நடந்ததைச் சொன்னார்கள். கேட்டவர்களுள் பலர் நம்பவில்லை. ஒரு கம்பெனி முழுவதும் நின்ற இடத்திலேயே நின்று மடியுமா என்ற ஐயம். போர்நிறுத்தம் வந்தது, பனி மூடியது, பேச்சு அடங்கிற்று.

1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் லடாக்கிய இடையர் ஒருவர் அம்மலைப் பக்கம் சென்றார். அவர் கண்டதைக் கேட்டுத் தேடுங்குழு ஒன்று ஏறிச் சென்றது. பனி எதையும் அழிக்காமல் காத்து வைத்திருந்தது. உடைந்த பதுங்கிடங்களில், துப்பாக்கியைப் பற்றிய கை பற்றியபடியே உறைந்து கிடந்தனர் வீரர்கள். மருத்துவ உதவியாளரின் கையில் ஊசிக்குழல் இருந்தது. மார்ட்டர் பிரிவிடம் இருந்த சுமார் ஆயிரம் குண்டுகளில் ஏழே எஞ்சியிருந்தன. மேஜரும் அதே பாறையருகில் இருந்தார். வாயால் சொன்னபோது நம்பப்படாத செய்தியை இறந்தவர்களின் கைகள் மெய்ப்பித்தன.

ஷைத்தான் சிங்கின் உடல் ஜோத்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே எரியூட்டப்பட்டது. அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. கண்டெடுக்கப்பட்ட மற்றையோருக்குச் சுஷூலிலேயே ஈமக்கடன் நிகழ்ந்தது. அப்பட்டாளத்தின் 'சி' கம்பெனி பின்னர் ரெசாங் லா கம்பெனி என்று பெயர் பெற்றது.